கல்லறைக்குப் பூச்சாடி: சாயாமல், திருடு போகாமல், கொசு வளர்க்காமல்

நவம்பர் 3-ஆம் தேதி காலையில் ஏதாவது ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். முந்தின நாள் கல்லறைத் திருநாளுக்கு வைத்த பூக்கள் என்ன ஆயின என்று பார்த்தாலே இந்த வேலையில் பாதிப் பாடம் புரிந்துவிடும். பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலில் ரோஜா நிற்கும். எவர்சில்வர் சாடி ஒன்று காற்றில் உருண்டு பக்கத்துக் கல்லறையின் காலடியில் கிடக்கும். நிறையச் செலவழித்துக் கட்டிய கருப்பு கிரானைட்டின் மேல் வட்டமாகத் துருக்கறை படிந்திருக்கும். கல்லுக்கும் எழுத்துக்கும் போட்டோவுக்கும் மாதக்கணக்கில் யோசித்த குடும்பம், பூச்சாடியைக் கடைசி நாளில் பாத்திரக் கடையில் வாங்கியிருக்கும்.

புதிதாகக் கல்லறை வேலை எடுக்கும் கிரானைட் பட்டறைக்காரர்களுக்காகவும், தங்கள் வீட்டுக் கல்லறைக்குத் தாங்களே ஒன்று செய்து வைக்க நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். சாடியின் வடிவத்தைக் கடைசியில்தான் யோசிக்க வேண்டும். அதில் விழும் தண்ணீர் எங்கே போகும் என்பது முதல் கேள்வி. காற்றும் அடுத்தவர் கையும் அதை என்ன செய்யும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் அழகு பாதி தானாகவே வந்துவிடும்.

என்ன பூ வைப்பார்கள்?

வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து அப்படியே வரைந்துவிடாதீர்கள். அங்கே கல்லறைக்குப் போவது தண்டோடு வெட்டிய பூ. நம் ஊரில் முதலில் போவது மாலை; அப்புறம் உதிரிப்பூ; தண்டுப்பூ அதற்கும் பிறகுதான். சம்பங்கி மாலையும் செவ்வந்தி மாலையும் வாங்கி வரும் குடும்பத்துக்கு ஆழமான சாடி செய்து கொடுத்தால், அவர்கள் மாலையைச் சிலுவையின் கையில் மாட்டிவிட்டு, சாடியில் ஊதுபத்தி குத்திவிட்டுப் போவார்கள். ஊதுபத்தி குத்துவதில் தவறில்லை, ஆனால் நீங்கள் செய்த வேலை வீண்.

ஆகவே குடும்பத்தாரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். வருஷத்துக்கு எத்தனை முறை வருவார்கள்? என்ன பூ கொண்டுவருவார்கள்? உள்ளூரில் இருந்து யாராவது அடிக்கடி வந்து சுத்தம் செய்வார்களா, இல்லை எல்லாரும் வெளியூரா? கத்தோலிக்கக் குடும்பம் என்றால் நவம்பர் 2 கட்டாயம், நினைவு நாள் கட்டாயம். சி.எஸ்.ஐ. குடும்பங்களில் ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைக்குப் போகும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வருஷத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் பூ காணும் சாடி என்றால், மீதி நாளெல்லாம் அது காலியாக, மழையில் நனைந்துகொண்டு நிற்கப் போகிறது. காலியாக நிற்கும்போதும் பார்க்க நன்றாக இருக்க வேண்டும்.

மாலைதான் பிரதானம் என்றால் சாடியோடு கொக்கியும் சேர்த்து வரைந்துவிடுங்கள். 8 மி.மீ. எஸ்.எஸ். (எவர்சில்வர்) கம்பியை வளைத்து, முனையில் சின்ன உருண்டை வைத்து ஆர்கான் வெல்டிங் செய்தால் போதும். கல்லுக்கும் கொக்கிக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி இருக்கட்டும். தலைக்கல்லின் இரண்டு பக்கமும் பெயர் வரிக்கு மேலே கொக்கி வந்தால், மாலை அரைவட்டமாகத் தொங்கும்போது பெயரும் போட்டோவும் மறைந்துவிடும். அதனால் மாலையின் தொங்கலைச் சணல் கயிற்றால் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு இடம் குறியுங்கள். வெள்ளை மார்பிள் தலைக்கல்லாக இருந்தால் கொக்கியை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிவிடுங்கள்; மழையில் ஊறிய செவ்வந்தியும் கோழிக்கொண்டையும் மார்பிளில் இறக்கும் சாயம் லேசில் போகாது.

எங்கே வைப்பது

முதலில் பங்கு அலுவலகத்தில் அல்லது சபை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உயரத்துக்கும் அகலத்துக்கும் சில இடங்களில் கட்டுப்பாடு இருக்கும். விதி இல்லாத இடத்திலும், கல்லறையின் விளிம்பைத் தாண்டி நடைபாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் புல் வெட்டுபவரோ, அடுத்த அடக்கத்துக்குப் பெட்டி தூக்கி வருபவரோ ஒருநாள் இடித்து உடைத்துவிடுவார்.

கல்லறையின் மேல்பலகை மீது சாடியை நிரந்தரமாகப் பொருத்துவது நல்ல யோசனை போலத் தெரியும். நான் அதற்கு எதிர்க்கட்சி. சென்னைக் கீழ்ப்பாக்கம் போல இடம் நிரம்பிவிட்ட பழைய கல்லறைத் தோட்டங்களில், குடும்பக் கல்லறையையே மறுபடி திறந்து அடுத்தவரை அடக்கம் செய்கிறார்கள். அன்றைக்கு மேல்பலகையைத் தூக்க வேண்டும். அதன் மேல் 10 கிலோ சாடி பின் (இரண்டு கல்லுக்குள்ளும் இறங்கும் உலோக முளை) போட்டு ஒட்டப்பட்டிருந்தால் சாடி உடையும், இல்லாவிட்டால் பலகை உடையும். சாடிக்குச் சரியான இடம் தலைக்கல்லின் பீடம். பீடத்தைச் சாடியின் அளவுக்குக் கூடுதல் அகலமாகப் போடச் சொன்னால் இருபுறமும் ஒவ்வொரு சாடி வைக்க இடம் கிடைத்துவிடும். ஏற்கெனவே கட்டிய கல்லறை, பீடத்தில் இடமில்லை என்றால் தலைமாட்டுப் பக்கத்து விளிம்புக் கட்டையைப் பாருங்கள்.

புதுக் கல்லறையாக இருந்தால் மண் இறங்கும். ஒரு மழைக்காலமாவது தாண்டிய பிறகு கல் வேலை செய்வதே நல்லது.

மெழுகுவர்த்திக்கும் தனி இடம் வேண்டும். கல்லறைத் திருநாளன்று விளிம்பு முழுக்க மெழுகுவர்த்தி ஒட்டுவார்கள். சாடியில் பிளாஸ்டிக் பூவோ காய்ந்த மாலையோ இருந்தால் ஒரு காற்று போதும், பற்றிக்கொள்ளும். சாடியிலிருந்து ஓரடியாவது தள்ளி, மணல் நிரப்பிய ஒரு சின்னத் தட்டுப் பள்ளம் வைத்துக் கொடுத்தால் மெழுகும் கல்லில் வழியாது.

கல் நிலையாக, குழாய் தனியாக

இந்த வேலையில் ஜப்பானியக் கல்லறைகளிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. தென்னிந்தியக் கிரானைட்டை வாங்கும் நாடுகளில் ஜப்பானும் ஒன்று என்பதால் ஏற்றுமதிப் பட்டறைகளுக்கு இந்த அமைப்பு புதிதல்ல. கல்லறைக்கு முன்னால் இருபுறமும் ஜோடியாகக் கல் பூத்தூண்கள் நிற்கும். தூணின் நடுவே துளை. துளைக்குள் எஸ்.எஸ். குழாய் ஒன்று இறங்கி உட்கார்ந்திருக்கும். கல் அசையாது, குழாயை மட்டும் உருவி எடுத்துக் கழுவி, தண்ணீர் மாற்றித் திரும்ப வைப்பார்கள்.

அமெரிக்காவின் புல்வெளிக் கல்லறைகளில் இன்னொரு முறை உண்டு. தரையோடு தரையாக இருக்கும் பலகையில் ஒரு குழி. பூ இல்லாத நாளில் வெண்கலச் சாடியைத் தலைகீழாகத் திருப்பிக் குழிக்குள் இறக்கிவிட்டால் அடிப்பாகம் மூடி மாதிரி பலகையோடு சமமாக உட்கார்ந்துவிடும். பார்க்க அருமையான ஏற்பாடு. ஆனால் நம் மழைக்கு அந்தக் குழி சேறும் தண்ணீருமாக நிரம்பும். நமக்கு ஜப்பானிய வழிதான் பொருந்தும், சில மாற்றங்களோடு.

நான் புதியவர்களுக்குச் சொல்லும் அளவு இது. கல் கட்டை 6 அங்குலம் நீளம், 6 அங்குலம் அகலம், 8 அங்குலம் உயரம். நடுவே மூன்றரை அங்குல விட்டத்தில் 6 அங்குல ஆழத் துளை. அப்படிச் செய்தால் துளையைச் சுற்றிலும் ஒண்ணேகால் அங்குலக் கல் மிஞ்சும், அடியில் 2 அங்குலம். சுவர் ஓர் அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. மெல்லிய சுவர் முதல் இடியிலேயே ஓடு மாதிரி விட்டுவிடும்.

குழாய்க்கு வெளிவிட்டம் 3 அங்குலம் உள்ள எஸ்.எஸ். பைப், 5 அங்குல நீளம், அடியில் தகடு வைத்து மூடியது. வாயில் 4 அங்குல வட்டத் தகடு வளையமாக வெல்டிங் செய்தால் அது துளையின் விளிம்பை மூடிக்கொண்டு உட்காரும். குழாய் 5 அங்குலம், துளை 6 அங்குலம். அந்த ஓர் அங்குல வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். குழாயின் அடி கல்லைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஏன் என்பது தண்ணீர் பற்றிப் பேசும்போது தெரியும்.

காற்றின் கணக்கு

கல் கனமாக இருக்கிறதே, சும்மா வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 24 கிலோ அளவுக்கு அழுத்தும். பூங்கொத்து ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் அதன் மேல் விழும் தள்ளு 2 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். குறைவுதானே என்று தோன்றும். ஆனால் அது தள்ளுவது சாடியின் அடியிலிருந்து சுமார் 35 செ.மீ. உயரத்தில். அந்த நெம்புதலைத் தாங்கிச் சாயாமல் நிற்க, 4 அங்குல அடி உள்ள சாடி 15 கிலோ இருக்க வேண்டும். 6 அங்குல அடி என்றால் 10 கிலோ.

நம் கல் கட்டை துளை போட்ட பிறகு எடை எவ்வளவு? கிரானைட் ஒரு லிட்டர் கன அளவுக்கு 2.7 கிலோ, கருப்புக் கல் 3 கிலோ வரை. அந்தக் கணக்கில் 10, 11 கிலோ வரும். அதாவது 72 கிலோமீட்டர் காற்றுக்கு மயிரிழையில் தப்பும். வங்கக் கடல் புயலுக்கு அந்த வேகம் ஒன்றுமே இல்லை. பாத்திரக் கடைச் சாடி ஒரு கிலோகூட இருக்காது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பின் போட்டே ஆக வேண்டும்.

எந்த உலோகம்

கடையில் எஸ்.எஸ். என்று கேட்டால் கையில் கொடுப்பது பல நேரம் 202 கிரேடு. பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்துச் செய்தது. சமையலறைத் தட்டுக்கும் வீட்டுக் கைப்பிடிக்கும் சரி, வெட்டவெளிக்குச் சரிவராது. 304 கேளுங்கள். தூத்துக்குடி, நாகப்பட்டினம், குமரிக் கடற்கரை ஊர்கள் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடம் என்றால் 316. அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பு அவ்வளவு சீக்கிரம் அரிக்காது. காந்தம் வைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. 202, 304 இரண்டிலுமே காந்தம் பெரிதாக ஒட்டாது, அதனால் அந்தச் சோதனை இங்கே உதவாது. பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள்.

சாதா இரும்பு வேண்டவே வேண்டாம், பெயின்ட் அடித்தாலும். இரும்பு துருவாகும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகும். கல்லுக்குள் புதைத்த இரும்புப் பின் அப்படிப் பெருத்தால் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். பழைய கல்லறைச் சிலுவைகள் பல அடியில் விரிசல் விட்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். பித்தளை, செம்பு, வெண்கலம் மூன்றும் கல்லறையில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் வெளிர் நிறக் கல்லில் பச்சைக் கறை ஒழுகவிடும். பழைய உலோகக் கடையில் நல்ல விலைக்கும் போகும். அவற்றைத் தவிர்க்க அந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும்.

தண்ணீர்

பூவுக்குத் தண்ணீர் வேண்டும், அதனால் சாடியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கல்லறைத் திருநாள் வருவது நவம்பர் தொடக்கத்தில். வடகிழக்குப் பருவமழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. பூ வைத்துவிட்டு எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள். சாடியில் மழைநீர் நிரம்பும். அழுகிய தண்டும் இலையும் உள்ளே கிடக்கும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க வெப்பமான நம் ஊரில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதன் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் சாடியின் உள்சுவரில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். கல்லறைப் பூச்சாடிகள் கொசு வளர்ப்பது பல நாடுகளின் சுகாதாரத் துறைகளுக்குத் தலைவலியாக இருக்கும் விஷயம்.

ஓட்டை போட்ட மூடி வைத்துச் சமாளிக்கலாம் என்பார்கள். தண்டு நுழையும் ஓட்டையில் கொசு தாராளமாக நுழையும். கொசுவைத் தடுக்கும் வலைக்கண் ஒன்றரை மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதில் எந்தப் பூவைக் குத்துவது?

என் தீர்ப்பு: தண்ணீர் நிற்கவே வேண்டாம். குழாயின் அடியில் 8 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள். ஓட்டை மேல் துண்டு எஸ்.எஸ். வலை. அதற்கு மேல் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே வரைக்கும் கழுவிய ஆற்றுமணல். பூ வைக்கும் நாளில் மணல் ஊறத் தண்ணீர் ஊற்றினால் தண்டுக்குத் தேவையான ஈரம் கிடைக்கும், மிஞ்சியது வடிந்துவிடும். மணல் பிடித்துக்கொள்வதால் தண்டும் சாயாது, அடியில் கனமும் கூடும். தண்ணீர்ச் சாடியில் இருப்பதைவிடப் பூ சீக்கிரம் வாடும், உண்மைதான். ஆனால் மொட்டை வெயிலில் எப்படி வைத்தாலும் இரண்டு நாள் தாங்குவதே பெரிது. பூக்கடைக்காரர்கள் வைக்கும் பச்சை நுரைக்கட்டியும் வேலை செய்யும். ஆனால் வெயிலில் பொடிந்து பச்சைத் தூளாகக் கல்லெல்லாம் ஒட்டும், மண்ணில் மக்கவும் மக்காது.

குழாயிலிருந்து வடிந்த தண்ணீர் இப்போது கல் துளையின் அடியில் இருக்கிறது. அந்த ஓர் அங்குல இடைவெளி இதற்குத்தான். அங்கே தேங்கவிடாமல் வெளியேற்ற, கட்டையின் பின்பக்கத்திலிருந்து துளையின் அடி மட்டத்துக்கு 8 மி.மீ. வடிகால் ஒன்று போடுங்கள். உள்முனை உயர்ந்து, வெளிமுனை தாழ்ந்து சரிவாக இருக்க வேண்டும். நேர்மட்டமாகப் போட்டால் பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும். தண்ணீரைக் கீழ்ப் பீடத்துக்குள் இறக்கும் எண்ணம் வேண்டாம். உள்ளே போன தண்ணீர் கல்லுக்கடியில் தங்கி, பாலிஷ் முகத்தில் வருஷம் முழுக்க ஈரத்திட்டாகத் தெரியும்.

கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் உறவினர் கல்லறைக்குச் செய்பவர்களுக்கு ஒரு வரி: அங்கே இந்த வடிகால் கொசுவுக்காக அல்ல, பனிக்காக. தண்ணீர் உறைந்தால் ஒன்பது சதவீதம் விரியும். மூடிய துளையில் உறைந்தால் கல் பிளக்கும்.

துளை போடுதல்

மூன்றரை அங்குலத் துளையைப் பட்டறையிலேயே முடித்துவிடுங்கள். கல்லறைத் தோட்டத்தில் கரன்ட் இருக்காது; இருந்தாலும் கோர் கட்டிங் மெஷினை அங்கே நிலையாக நிறுத்த முடியாது. வைர கோர் பிட் (நடுக்கல்லைத் தண்டாக விட்டுச் சுற்றிலும் வெட்டும் பிட்), தொடர்ந்து தண்ணீர், சுத்தியல் அடி இல்லாத சுழற்சி மட்டும். ஹில்டியை (அடித்துக்கொண்டே துளைக்கும் டிரில்) தூக்கிக்கொண்டு வருபவரைத் தடுத்து நிறுத்துங்கள். ஒண்ணேகால் அங்குலச் சுவர் அந்த அதிர்வில் நிற்காது. 6 அங்குலம் இறங்கியதும் நடுத்தண்டின் பக்கத்தில் மெல்லிய உளியை விட்டு லேசாகத் தட்டினால் அடியில் ஒடிந்து வரும்.

தண்ணீர் ஊற்றி வெட்டுவது பிட்டுக்காக மட்டுமல்ல. கிரானைட்டில் இருக்கும் சிலிக்கா தூளாகி மூச்சில் போனால் நுரையீரல் திரும்பச் சரியாகாது. காய்ந்த கல்லில் கிரைண்டர் ஓட்டாதீர்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மூக்கில் துண்டு கட்டுவது போதாது. என்95 முகக்கவசமாவது போடுங்கள்.

பொருத்துதல்

10 மி.மீ. எஸ்.எஸ். மரை போட்ட கம்பி, 4 அங்குலத் துண்டு, சாடிக்கு இரண்டு. மரை இருந்தால் பசை கவ்விப் பிடிக்கும். கட்டையின் அடியில் எதிரெதிர் மூலைகளில், இரண்டு ஓரத்திலிருந்தும் ஓர் அங்குலம் தள்ளிக் குறியுங்கள். மூலையில் போடுவதால் மேலே இருக்கும் பெரிய துளையோடு பின் முட்டாது. நடுவில் போட்டால் அடியில் இருக்கும் 2 அங்குலக் கல்லைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்க்கும்.

அட்டையில் ஒரு மாதிரி வெட்டி, அதிலேயே இரண்டு பின் இடத்தையும் குத்தி, கட்டையின் அடிக்கும் பீடத்துக்கும் அதே அட்டையைப் பயன்படுத்துங்கள். எதிரெதிர் மூலை என்பதால் அட்டை புரண்டுவிட்டால் இரண்டும் ஒத்துவராது. “மேல்” என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பீடத்தில் குறிக்கும்போது அந்த எழுத்து மேலே தெரிய வேண்டும், கட்டையின் அடியில் குறிக்கும்போது அது கல்லைப் பார்க்க வேண்டும்.

துளை 12 மி.மீ., ஆழம் இரண்டு பக்கமும் 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். பின்னைவிடத் துளை 2 மி.மீ. பெரிதாக இருப்பது பசை சுற்றிலும் நிற்க. எஸ்.எஸ். வெயிலில் கிரானைட்டைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால் இறுக்கமாக அடித்து ஏற்றிய பின் நல்லதல்ல. தளத்தில் இந்தச் சின்னத் துளைகளை பேட்டரி டிரில்லில் வைர பிட் போட்டு, பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டே எடுத்துவிடலாம். பீடக் கல் 20 மி.மீ. பலகைதான் என்றால் பின் அதைத் தாண்டிக் கீழே கான்கிரீட்டில் இறங்க வேண்டும். துளைக்கும் முன் விரல்கணுவால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்டால் அடியில் கலவை இல்லை. வேறு இடம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பலகையைத் தூக்கிக் கலவை நிரப்ப வேண்டும்.

பசை விஷயத்தில்தான் புதியவர்கள் அவசரப்படுவார்கள். துளை ஈரமாக இருக்கிறது, உள்ளே கல்மாவு அப்பியிருக்கிறது, அதிலேயே எப்பாக்சியை ஊற்றிவிடுவார்கள். பசை கல்லில் ஒட்டாது, மாவில் ஒட்டும். துளையைத் தண்ணீரில் கழுவி, சைக்கிள் பம்பால் ஊதி, ஒருநாள் காயவிட்டு, அப்புறம்தான் பசை. அரால்டைட் போன்ற இரண்டு டியூப் எப்பாக்சியில் மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை பலம் குறைந்தது. மார்பிள் கடையில் விற்கும் பாலியஸ்டர் பேஸ்ட் மலிவு, சீக்கிரம் இறுகும், ஆனால் வெட்டவெளி ஈரத்துக்கு நம்ப முடியாது. துளையில் மூன்றில் இரண்டு பங்கு பசை விட்டு, பின்னைத் திருகிக்கொண்டே இறக்கினால் காற்றுக்குமிழி வெளியேறும். 24 மணி நேரம் யாரும் தொடக் கூடாது.

பசையை மட்டும் நம்பிப் பின் இல்லாமல் ஒட்டுபவர்களுக்கு: சாதாரண எப்பாக்சி 50, 60 டிகிரி வெப்பம் தாண்டினால் இளகத் தொடங்கும். மே மாத மத்தியானத்தில் கருப்பு கிரானைட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள்.

கட்டைக்கும் பீடத்துக்கும் நடுவே 3 மி.மீ. பிளாஸ்டிக் துண்டுகளை வைத்துச் சிறு இடைவெளி விட்டு, சுற்றிலும் சிலிக்கான் பூசுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் கல்லுக்கு ஆகாது. நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். சில சிலிக்கான்களில் இருக்கும் எண்ணெய் கிரானைட்டுக்குள் ஊறிக் கறைகட்டும் என்பதால், முதலில் உடைந்த துண்டுக் கல்லில் பூசி ஒரு வாரம் பாருங்கள். பின்பக்கத்தில் அரை அங்குலம் மட்டும் பூசாமல் விடுங்கள். தப்பித்தவறி உள்ளே போகும் ஈரம் அந்த வழியாக வெளியேறட்டும்.

திருட்டு

முழுக்கத் தடுக்க முடியாது. எடுக்கச் சிரமமாக, எடுத்தாலும் பிரயோஜனம் இல்லாததாகச் செய்யலாம். கல் பின்னில் நிற்கிறது. அதை யாரும் தூக்க மாட்டார்கள். குழாய்க்கு லேத் பட்டறையில் ஒரு கால்சுற்றுப் பூட்டு செய்து கொள்ளுங்கள்: துளையின் வாயில் எப்பாக்சியால் ஒட்டிய எஸ்.எஸ். வளையம், அதில் இரண்டு வெட்டு. குழாயின் கழுத்தில் இரண்டு காது. இறக்கி, அழுத்தி, கால்சுற்றுத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும். தெரிந்தவர் நொடியில் கழற்றுவார். போகிற போக்கில் இழுத்துப் பார்ப்பவருக்கு வராது.

வாய்த்தகட்டில் குடும்பப் பெயரையும் கல்லறை எண்ணையும் பெரிதாகப் பொறித்துவிடுங்கள். அடியில் ஓட்டை போட்டதும் இங்கே கைகொடுக்கிறது: ஓட்டை டம்ளரை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்கள்.

செங்கல் கல்லறைக்கு

கிராமப் பக்கம் பெரும்பாலான கல்லறைகள் செங்கல் கட்டிச் சிமென்ட் பூசி, திருநாளுக்கு முன்னால் சுண்ணாம்பு அடிப்பவை. அதில் கிரானைட் சாடி ஒட்டுப்போட்டது போலத் தெரியும், செலவும் தேவையில்லை. 160 மி.மீ. பி.வி.சி. பைப்பை 8 அங்குலம் வெட்டி வெளி அச்சாகவும், 90 மி.மீ. பைப்பை உள் அச்சாகவும் வைத்துக் கான்கிரீட்டில் வார்த்துவிடலாம். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரை மணல், மூன்று சிப்ஸ் ஜல்லி, தண்ணீர் குறைவாக. வெளிப் பைப்பை நீளவாக்கில் ஒருபக்கம் அறுத்துக் கம்பி கட்டி வைத்தால் பிரிப்பது சுலபம். உள் பைப்பில் எண்ணெய் தடவி, கலவை இறுகும் நேரத்தில் அவ்வப்போது கொஞ்சம் திருப்பிக்கொண்டே இருந்து உருவிவிடுங்கள். அடியில் வடிகாலுக்கு ஒரு துண்டு ஸ்ட்ராவை வார்க்கும்போதே வைத்துவிடலாம். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நீராற்ற வேண்டும். உள்ளே ஓட்டை போட்ட சாதாரண பி.வி.சி. குழாய், தொலைந்தால் நஷ்டமில்லை.

இனி அழகு

பூ உயரம் சாடி உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்பது பூ அலங்காரக்காரர்களின் பழைய கணக்கு. 8 அங்குலச் சாடிக்கு 12 அங்குலப் பூ. அதைத் தலைக்கல்லின் பெயர் வரியோடு பொருத்திப் பாருங்கள்: பூ நின்ற பிறகு பெயரின் எந்த எழுத்தும் மறையக் கூடாது.

தலைக்கல்லில் ஏற்கெனவே இருக்கும் ஒரே ஒரு அம்சத்தைச் சாடியில் எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கல்லின் மேல் வளைவு, ஓர மோல்டிங், இல்லை பாலிஷ் போடாத சொரசொரப்பு முகம், ஏதாவது ஒன்று. சிலுவை, புறா, ஜெபமாலை, ரோஜா எல்லாவற்றையும் 6 அங்குலக் கட்டையில் செதுக்கச் சொல்லி வருவார்கள். பொறுமையாகப் பேசிக் குறையுங்கள். செதுக்கிய பள்ளத்தில் மெழுகும் தூசியும் பாசியும் ஏறும், யாரும் சுரண்டிக்கொண்டிருக்கப் போவதில்லை. மேல் ஓரங்களை 5 மி.மீ. அளவுக்காவது உருட்டுங்கள், கூரான ஓரம் முதலில் சில்லு விடும், குனிந்து பூ வைக்கும் வயதானவர்களின் கையையும் கிழிக்கும். மேல்முகம் நடுவிலிருந்து வெளியே லேசாகச் சரிந்தால் மழைநீர் தங்காது.

ஒப்படைக்கும்போது

குழாயை எப்படித் திருப்பிக் கழற்றுவது என்று குடும்பத்தில் இருவருக்காவது செய்து காட்டுங்கள். அவர்களையும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். உதிரியாக ஒரு குழாயைச் சேர்த்தே விலை சொல்லுங்கள். பின்னால் ஒன்று மட்டும் செய்யச் சொன்னால் லேத் பட்டறையில் அளவு மாறி வரும். மணலை வருஷத்துக்கு ஒருமுறை, திருநாளுக்குச் சுத்தம் செய்ய வரும்போது, கொட்டிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். குழாயின் உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தால் ஒட்டியிருக்கும் கொசு முட்டையும் போய்விடும். ஆசிட் ஊற்றிக் கழுவ வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள், ஏனென்றால் ஊற்றுவார்கள். முதல் மழை முடிந்த பிறகு நீங்களே ஒருமுறை போய், ஒரு சொம்புத் தண்ணீரைச் சாடியில் ஊற்றி, பின்பக்க வடிகாலில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். வராவிட்டால் உள்ளே இலையோ மணலோ அடைத்திருக்கும். ஒரு சைக்கிள் கம்பி போதும்.